ஐந்நூறு டாலருக்குப் போன விளையாட்டு

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்கள், "சரித்திரமே எழுதுங்கள் சார், ஆனால் போரும் பட்டாபிஷேகமும் வேண்டாம்" என்று ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டுப் போனார்கள். போர் வேண்டாம் என்றால் மிஞ்சுவது விலைவாசிதான்! ஆகவே விலைவாசியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அரிசி, பருப்பு விலை அல்ல. பழைய விளையாட்டுச் சாமான்களின் விலை.

1964-ல் எடின்பரோ நகரத்துப் பழம்பொருள் வியாபாரி ஒருவர், வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய சதுரங்கக் காய் ஒன்றை ஐந்து பவுண்டு கொடுத்து வாங்கினார். உள்ளங்கையில் அடங்கிவிடும் சின்ன வீரன் பொம்மை. அவருக்குப் பிறகு அது குடும்பத்தாரின் மேஜை இழுப்பறையில் பல வருடம் கிடந்தது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-ல் கிடைத்த புகழ்பெற்ற பழங்காலச் சதுரங்கக் காய்களில், எங்கே போயின என்று தெரியாமலிருந்த சிலவற்றுள் இதுவும் ஒன்று என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. 2019 ஜூலையில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் அது 7,35,000 பவுண்டுக்குப் போயிற்று. நம் கணக்கில் ஆறு கோடி ரூபாய்க்கு மேல். சதுரங்கத்தில் ஒரே ஒரு காய், முழு செட்கூட இல்லை!

சரி, அது எண்ணூறு வருஷத்துப் பொருள், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் 1996-ல் வெளிவந்த 'சூப்பர் மேரியோ 64' என்ற வீடியோ கேம்? அது உலகம் முழுவதும் ஒரு கோடிக்கு மேல் விற்ற சரக்கு. அதில் ஒன்று 2021 ஜூலையில் அமெரிக்காவில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அடுத்த மாதமே, 1985-ல் வந்த முதல் 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' ஒன்று 20 லட்சம் டாலரைத் தொட்டது. ஏறத்தாழ பதினைந்து கோடி ரூபாய். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இரண்டுமே கடையிலிருந்து வந்தபடி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாதவை. எந்தக் குழந்தையும் ஒரு தடவைகூட விளையாடாதவை. வாங்கியவரும் விளையாடப் போவதில்லை. உறையைப் பிரித்தால் விலை போயிற்று! கல்யாண வீட்டில் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, இலையில் கை வைக்காதே என்கிற கதைதான்.

இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே போகலாம். எனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று. மேலே சொன்னவற்றைவிட விலை குறைந்தது, ஆனால் அதன் பின்னால் இருக்கும் சரித்திரம் பெரியது. அந்தச் சரித்திரத்தில் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு என்பதால் இந்த மலருக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

2010 டிசம்பரில் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில், பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் குடும்பத்தின் தொகுப்பிலிருந்து ஒரு துணி விலைக்கு வந்தது. சாப்பாட்டு மேஜை மீது விரிக்கிற மெழுகுத்துணி. வட்டமாக வெட்டி, பேனா மையாலும் வர்ணத்தாலும் கட்டம் கட்டமாக எழுதியது. பிலடெல்பியா பக்கத்தில் வசித்த சார்லஸ் டாரோ என்பவர் 1933 வாக்கில் கையால் செய்த 'மோனோபலி' அது. அவர் வீட்டு மேஜை வட்டம், அதனால் பலகையும் வட்டம். விலை 1,46,500 டாலர். அன்றைய மாற்றுக்கு அறுபத்தைந்து லட்ச ரூபாய். வாங்கியது ராச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம். இது தவிர, பெரிய கம்பெனி கையில் போவதற்கு முன் டாரோ தாமே அச்சடித்து விற்ற செட்டுகளும் உண்டு. வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி என்று அவற்றுக்குத் தனிப் பெயர் வைத்துச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

மோனோபலி என்றதும் இளைய மாணவர்கள் சிலர் முழிக்கலாம். 'டிரேட்' என்றும் 'பிசினஸ்' என்றும் நம் ஊர்க் கடைகளில் விற்கிறதே, பம்பாயையும் டில்லியையும் மதராஸையும் விலைக்கு வாங்கி வாடகை வசூல் பண்ணுவோமே, அதற்கு மூலம் இதுதான்.

டாரோவின் துணிக்கு இவ்வளவு விலை வரக் காரணம் ஒரு கதை. 1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. டாரோவுக்கும் வேலை போயிற்று. கையில் காசு இல்லை. அட்லான்டிக் சிட்டி கடற்கரையில் கழித்த நல்ல நாட்களை நினைத்து, சமையலறை மேஜைத் துணியில் அந்த ஊர்த் தெருக்களை வரைந்தார். அதுவே விளையாட்டாயிற்று. 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அதை வாங்கியது. டாரோ பெரும் பணக்காரரானார். இந்தக் கதையைக் கம்பெனியே தன் விளையாட்டோடு சேர்த்துப் பரப்பியது. நாடே வறுமையில் கிடந்த நேரத்தில் இப்படி ஒரு கதை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? பிற்பாடு 1970-ல் அட்லான்டிக் சிட்டியில் டாரோ பெயருக்கு ஒரு நினைவுப் பலகையே வைத்தார்கள்.

ஆனால் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் டாரோ அல்ல. அதற்கு முப்பது வருடம் முன்பே கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி. பெயர் எலிசபெத் மேகி. இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1866-ல் பிறந்தவர். வாஷிங்டனில் சுருக்கெழுத்து வேலை பார்த்துப் பிழைத்தவர். தகப்பனார் பத்திரிகை நடத்தியவர். ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளாதார அறிஞரின் கொள்கையில் அம்மையாருக்கு அளவற்ற பற்று. அந்தக் கொள்கையை நம் பாஷையில் சொன்னால் இப்படி: உங்கள் மனைக்குப் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு வருகிறது. நீங்கள் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, மனை விலை பத்து மடங்காகிறது. அந்த உயர்வு உங்கள் உழைப்பால் வந்ததா? ஊரால் வந்தது. எனவே நிலத்தின் மதிப்பின் மீது மட்டும் வரி போடு, உழைப்பின் மீது போடாதே, என்பார் ஜார்ஜ். சரியா தவறா என்று பொருளாதாரத் துறை நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

இதை மேடையில் பேசினால் யார் கேட்பார்கள்? விளையாட்டாகச் செய்தால் பிள்ளைகளுக்கும் புரியும் என்று அம்மையார் ஒரு பலகை வரைந்தார். நாலு பக்கமும் கட்டங்கள், வாங்குவதற்கு நிலங்கள், ரயில்வே, ஒரு மூலையில் ஜெயில், ஒரு மூலையில் பொதுப் பூங்கா. பூமித்தாயின் மீது உழைத்துக் கூலி பெறுவதாக ஒரு கட்டம். அதைத் தாண்டும்போதெல்லாம் நூறு டாலர். அயல்நாட்டுப் பிரபுவின் நிலத்தில் கால் வைத்தால் நேரே ஜெயில்! 'நிலச்சுவான்தார் விளையாட்டு' என்று பெயர் வைத்து 1903 மார்ச்சில் விண்ணப்பித்து, 1904 ஜனவரி 5-ம் தேதி காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் காப்புரிமை வாங்குவது அபூர்வம். 1906-ல் விளையாட்டு நியூயார்க்கில் அச்சாகி விற்பனைக்கும் வந்தது.

அம்மையார் அதற்கு இரண்டு விதமான விதிகள் வைத்திருந்தார். ஒரு விதிப்படி, நிலத்தையெல்லாம் வளைத்துப்போட்டு மற்றவர்களை ஓட்டாண்டி ஆக்குகிறவர் ஜெயிப்பார். இன்னொரு விதிப்படி, வாடகை பொதுவுக்குப் போய், எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்வம் சேரும். இரண்டையும் ஆடிப் பார், எது நியாயம் என்று நீயே தெரிந்துகொள் என்பது அவர் எண்ணம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முதல் விதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறந்தே போனார்கள். அடுத்தவனை ஓட்டாண்டி ஆக்குவதில் இருக்கிற ருசி பொதுநலத்தில் இல்லை போலிருக்கிறது!

இனிமேல்தான் கல்லூரி வருகிறது. டெலவேர் மாநிலத்தில் ஆர்டன் என்று ஒரு சின்னக் கிராமம். ஹென்றி ஜார்ஜின் கொள்கைப்படி வாழ்வதற்காகவே அமைத்த ஊர். அங்கே இந்த விளையாட்டு பரவியது. அங்கே குடியிருந்தவர்களில் ஒருவர் ஸ்காட் நியரிங். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் பொருளாதார ஆசிரியர். குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்துப் பேசியவர், 1915-ல் அதே பல்கலைக்கழகம் அவரை வேலையை விட்டு நீக்கியது. அவர் வழியாக விளையாட்டு மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு. யாரும் கடையில் வாங்கவில்லை. ஒருவன் பலகையைப் பார்த்து இன்னொருவன் அட்டையிலும் துணியிலும் வரைந்துகொண்டான். தெருப் பெயர்களை மட்டும் அவரவர் ஊர்த் தெருவாக மாற்றிக்கொண்டார்கள். மேகி அம்மையாரின் பெயர் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. 'மோனோபலி' என்ற பெயர் மட்டும் வாய்மொழியாக ஒட்டிக்கொண்டது.

ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் காலத்தில் இரண்டாவது மாடியில் ஒரு டிரேட் அட்டை இருந்தது. சார்ட் பேப்பரை அட்டையில் ஒட்டி, ஸ்கெச் பேனாவால் கட்டம் போட்டது. எந்த பேட்ச் செய்தது என்று எங்களுக்கே தெரியாது. பம்பாய் இருக்க வேண்டிய இடத்தில் வார்டன் வீடு, கல்கத்தாவுக்குப் பதில் மெஸ், ஜெயிலுக்குப் பதில் முதல்வர் அறை. மெஸ்ஸில் மாட்டினால் வாடகை அதிகம், சாப்பாட்டைப் போலவே! அந்த விளையாட்டுக்கு ஒரு ஆசிரியர் இருப்பார் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அமெரிக்கப் பையன்களும் நினைக்கவில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரியில் இதை விளையாடிய டேனியல் லேமன் என்ற மாணவர், இண்டியானாபொலிஸ் நகரத்துக்குத் திரும்பிப் போய் அதைப் பரப்பினார். 1932-ல் 'ஃபைனான்ஸ்' என்ற பெயரில் அச்சடித்து விற்கவும் செய்தார். அந்த நகரத்தில் கற்றுக்கொண்ட ரூத் ஹாஸ்கின்ஸ் என்ற ஆசிரியை, அட்லான்டிக் சிட்டியில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திய பள்ளிக்கு வேலைக்கு வந்தார். அங்கே உள்ள நண்பர்கள்தான் அட்லான்டிக் சிட்டித் தெருக்களைப் பலகையில் எழுதியவர்கள். ஏலம் கூவுவது குவேக்கர்களின் அமைதியான சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை என்று ஒவ்வொரு மனைக்கும் விலையைக் கட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பணக்காரர்களின் கடற்கரைச் சாலைக்கு அதிக விலை, கறுப்பின மக்கள் குடியிருந்த பால்டிக் அவென்யூவுக்குக் குறைந்த விலை. ஊர் எப்படியோ பலகையும் அப்படியே.

அந்த நண்பர் கூட்டத்திலிருந்து சார்லஸ் டாட் என்பவர் கற்றார். அவரும் அவர் மனைவியும் டாரோ தம்பதியை வீட்டுக்கு அழைத்து விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள். விதிகளை எழுதிக் கொடுங்கள் என்று டாரோ கேட்டார். டாட் எழுதிக் கொடுத்தார். பிறகு நடந்ததுதான் மெழுகுத்துணிக் கதை.

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். அட்லான்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் 'மார்வென் கார்டன்ஸ்' என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. டாட் தம் பலகையில் எழுதும்போது தவறுதலாக 'மார்வின்' என்று எழுதிவிட்டார். டாரோவின் பலகையிலும் 'மார்வின்'! தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்ற எந்த ஆசிரியருக்கும் இது புரியும். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் அவனுடைய தப்பையும் சேர்த்து எழுதித்தான் மாட்டிக்கொள்வான். (அந்த எழுத்துப் பிழைக்காகப் பார்க்கர் கம்பெனி அந்தக் குடியிருப்பு மக்களிடம் 1995-ல் மன்னிப்புக் கேட்டது.)

டாரோ மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. வேலை போன மனிதர், பிள்ளைகுட்டிக்காரர், கையில் கிடைத்ததை அழகாக வரைந்து விற்றார். நாலு பேர் விளையாடியதை நாடே விளையாடும்படி செய்ததும் ஒரு திறமைதான். ஆனால் நானே கண்டுபிடித்தேன் என்று காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தது வேறு விஷயம். 1935 டிசம்பர் 31-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

பார்க்கர் கம்பெனிக்கு விவரம் தெரியாமல் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் மேகி அம்மையாரைத் தேடிப் போய், அவருடைய காப்புரிமையை வாங்கிக்கொண்டது. விலை ஐந்நூறு டாலர். விற்பனையில் பங்கு கிடையாது. லேமன் ஆரம்பித்த 'ஃபைனான்ஸ்' விளையாட்டின் உரிமையும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அம்மையாருக்கு முதலில் சந்தோஷம்தான். பணத்துக்காக அல்ல, தம் கொள்கை வீடு வீடாகப் போகும் என்று. போனது விளையாட்டு, கொள்கை போகவில்லை. டாரோவின் பெயர் பத்திரிகைகளில் வரத் தொடங்கியதும் அம்மையாருக்கு விஷயம் உறைத்தது. 1936 ஜனவரியில் வாஷிங்டன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுத் தம் பழைய பலகைகளைக் கையில் பிடித்துக் காட்டினார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. செய்தி வந்தது, மறந்தும் போனார்கள். அவருடைய வேறு இரண்டு விளையாட்டுகளைக் கம்பெனி வெளியிட்டது, அவை ஓடவில்லை. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் என்ற கட்டத்தில் 'விளையாட்டுகள் செய்பவர்' என்று சொல்லியிருக்கிறார். வருமானக் கட்டத்தில் பூஜ்யம். 1948-ல் காலமானார்.

உண்மை வெளியே வந்தது தற்செயலாக. ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். நாஜிகளுக்குத் தப்பி வந்த குடும்பம். ஏகபோகம் நல்லது என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறதே இந்த விளையாட்டு என்று வருத்தப்பட்டு, 1973-ல் 'ஆன்ட்டி மோனோபலி' என்று எதிர் விளையாட்டு ஒன்று செய்து விற்றார். பார்க்கர் கம்பெனி விடுமா? வழக்கு. 1977-ல் கோர்ட் உத்தரவுப்படி அவருடைய பல்லாயிரம் பெட்டிகள் மினசோட்டா மாநிலத்தில் மங்காட்டோ என்ற ஊர்க் குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. மனிதர் அசரவில்லை. வீட்டை அடமானம் வைத்து வழக்கை நடத்தினார். டாரோவுக்கு முன்னால் இதை விளையாடியவர்களை ஊர் ஊராகத் தேடிப் போனார். லேமன் கிடைத்தார், டாட் கிடைத்தார், குவேக்கர் நண்பர்கள் கிடைத்தார்கள். எல்லோரும் கிழவர்களாகிவிட்டார்கள். ஆனால் அவர்களில் சிலர் வீட்டில், இளமையில் வரைந்த அந்தக் கைப்பலகைகள் பத்திரமாக இருந்தன.

இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்த ஏலக் கடையும் அந்தப் பலகைகளைக் கேட்டு வரவில்லை. கறை படிந்தவை, மடிப்பில் கிழிந்தவை, ஆடி ஆடித் தேய்ந்தவை. மேரியோ பெட்டிக்கு மார்க் போடுகிறவர்களிடம் கொடுத்தால் பூஜ்யம்தான் போடுவார்கள். ஆனால் 1904-க்கும் 1933-க்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு அவையே சாட்சி. உறை பிரிக்காத பொருளிடம் போய், உன்னை யார் விளையாடினார்கள், யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று கேட்டால் அதனால் என்ன பதில் சொல்ல முடியும்?

வழக்கு மேல்கோர்ட்டுக்கும் கீழ்க்கோர்ட்டுக்கும் பத்து வருடம் அலைந்தது. கடைசியில் 1982-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பேராசிரியர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1983-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. மேகி அம்மையாரின் பெயர் அதற்குப் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. மேரி பைலன் என்ற பத்திரிகையாளர் 2015-ல் இது பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

இனி ஒரு கணக்குப் பாருங்கள். வழக்கு முடிந்தது 1983-ல். டாரோவின் துணி ஏலம் போனது 2010-ல். அதாவது இவர் கண்டுபிடிக்கவில்லை என்று ஊருக்கெல்லாம் தெரிந்து இருபத்தேழு வருடம் கழித்தும் அந்தத் துணிக்கு 1,46,500 டாலர் கிடைத்தது. மூலத்தைக் கண்டுபிடித்தவருக்குக் கொடுத்ததைப் போல 293 மடங்கு! 1935-ன் ஐந்நூறு டாலர் இன்றைய பதினோராயிரம் டாலருக்குச் சமம் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு நேராகாது. சேகரிப்பவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. அருங்காட்சியகம் அதை வாங்கியது நல்லதே. தனியார் பீரோவில் பூட்டிக் கிடப்பதைவிட அங்கே இருந்தால் நாலு பேர் பார்க்கலாம். ஆனால் ஏலத்தில் ஏறுகிற விலை, எந்தக் கை தொட்டது என்பதற்கு. எந்த மூளை நினைத்தது என்பதற்கு அல்ல. அது சரித்திரக்காரர்கள் வேலை, அதற்குச் சம்பளம் குறைவு.

ஒரு விண்ணப்பம். நான் மேலே சொன்ன ஹாஸ்டல் டிரேட் அட்டை, நாங்கள் கடைசி வருடம் காலி செய்யும்போது ஜூனியர்களிடம் போயிற்று. அதற்குப் பிறகு என்னவாயிற்றோ. பிந்திய பேட்ச் நண்பர்கள் யார் வீட்டுப் பரணிலாவது அது கிடந்தால், அடுத்த சந்திப்புக்கு மறக்காமல் எடுத்து வாருங்கள். முதல்வர் அறைக்கு ஜெயில் என்று பெயர் வைத்த புண்ணியவான் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.